தலைக்குத் தண்ணி வாத்த கணக்கு

யோகப்பிரியாவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் பேசுவார்கள். "ரத்தினசாமி ஊட்டு மருமகளா? அய்யோ சாமி, அந்தப் புள்ளகிட்ட மட்டும் வாயக் குடுத்துராதீங்க" என்று பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊரில் எந்த டீக்கடையிலும் சொல்வார்கள். பால் சொசைட்டியில் அளவைக் குறைத்து ஊற்றிக்கொண்டவனை, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலுமாகத் திட்டி, பாலை மறுபடியும் அளக்க வைத்தவள். சித்தூர் பஸ்ஸில் தூங்குகிற சாக்கில் தோளில் சாய்ந்த ஒரு வெள்ளை வேட்டிக்காரரைக் கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிடும் வரைக்கும் ஓயாதவள். வேலந்தாவளத்தில் பிறந்து, சித்தூரில் பி.காம். படித்து, பெருமாட்டித் தென்னந்தோப்புக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டவள்.

அப்படிப்பட்ட வாய், வீட்டுக்குள் வந்ததும், அதுவும் கட்டின புருஷன் பக்கத்தில் படுத்ததும் ஏன் அடைத்துக்கொண்டது என்பது அவளுக்கே பிடிபடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால்தான் அவளுக்கு முதல் ஆத்திரம் வரும். மற்றவர்கள் மேல் வருகிற ஆத்திரமெல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

மகள் தமிழ்ப்ரியா வயிற்றைக் கிழித்துத்தான் பிறந்தாள். குழந்தை வெளியே வந்த பிறகு தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. யார் யாரோ கொடுத்த ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏறிய பிறகுதான் பிழைத்தாள். ஊருக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று பேரையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். புருஷன் பிரதீப், மாமியார் பூவாத்தாள், நிற்க முடியாமல் நாற்காலியில் சரிந்து கிடந்த இவள். "கர்ப்பப்பையில தையல் ஆறணும். ரெண்டு வருஷத்துக்கு இன்னொண்ணு கூடாது. மறுபடியும் இப்படி ரத்தம் போனா காப்பாத்திடுவேன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது." பிரதீப் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். பூவாத்தாளும் ஆட்டினாள்.

காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்றும் அந்த டாக்டரே சொன்னார். "அந்தக் கம்பியெல்லாம் உள்ள வெச்சா உதிரம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும் அம்மிணி. அடுத்தது பையனாப் பொறக்கட்டும், அப்புறம் எதை வேணும்னாலும் வெச்சுக்க" என்று வீட்டுக்கு வந்ததும் மாமியார் முடித்துவிட்டாள். இரண்டு வருஷம் கூடாது என்று கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த அதே வாய்தான் அடுத்த பையனைப் பற்றிப் பேசியது. இதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, கம்பி வேண்டாம், ஆணுறையாவது வாங்கி வாருங்கள் என்றால் பிரதீப் முகத்தைச் சுளித்தான். "அது எனக்குச் சேராது" என்றான். சிலருக்குக் கத்தரிக்காய் சேராது, சிலருக்குக் கருவாடு சேராது. இவனுக்கு இது. நோகாமல் நோம்பி கும்பிடுவது, அதாவது நோவில்லாமல் பண்டிகை கொண்டாடுவது என்று கொங்குநாட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை இவனைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

பிரதீப்புக்கு இளநீர் வியாபாரம். தோப்பு தோப்பாக வெட்டி, லாரியில் லோடு ஏற்றி, வடக்கே கூடவே போய் இறக்கிவிட்டு வருவான். போனால் பத்துப் பதினைந்து நாள். வந்தால் நாலைந்து நாள் வீட்டில் இருப்பான். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மகளுக்கு வடக்கேயிருந்து கிலுகிலுப்பை வாங்கி வருவான். ஆனால் அந்தத் தடவை லோடு இறக்கிவிட்டு வந்தவன், "வேண்டாமுங்க, டாக்டரம்மா சொன்னது மறந்துருச்சுங்களா?" என்று அவள் சொன்னதைக் கேட்கவில்லை. "ஒரு தடவைல ஒண்ணும் ஆகாது" என்றான். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். அவன் விளக்கை அணைத்தான். பக்கத்து அறையில் மாமனார் மாமியார். தொட்டிலில் குழந்தை. சொசைட்டியை அதிர வைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவசரத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, மூன்று நாளுக்குள் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது தெரியாது. மறுநாளே வாங்கியிருக்கலாம். வாங்க எங்கே போவது? உள்ளூரில் வாங்கினால் அவள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிடும். மாமியார் ஒரு எழவு வீட்டுக்குப் போய்விட்டதால் குழந்தையை விட்டுப் போக ஆளும் இல்லை. அதற்கடுத்த நாள்தான் மாட்டுத் தீவனம் வாங்குகிற சாக்கில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை போனாள். மருந்துக்கடைக்காரர் கஞ்சாப் பொட்டலம் கொடுக்கிறவர் மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு நீட்டினார்.

"ஏதாச்சும் பாத்து இருக்கோணுங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லா. ஒண்ணு முழுங்குனா மதி, போதும்" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டார். இருமல் மருந்துக்காரனுக்கு மட்டும் எத்தனை மூடி, எத்தனை வேளை, குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா என்று விலாவாரியாகச் சொன்னார். இவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த எரிச்சலில் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கையில் இருந்தது கறுப்புக் கவர். அதை வைத்துக்கொண்டு யாரிடம் சத்தம் போட முடியும்?

வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகையில் நின்று மாத்திரையை விழுங்கினாள். கூடவே பொடி எழுத்தில் ஒரு காகிதம் இருந்தது. படிக்க நேரமில்லை. வைத்துப் பிறகு படிக்க இடமுமில்லை. அந்த வீட்டில் பீரோ மாமியாருக்கு, மேஜை மாமனாருக்கு, லாரி சாவி தொங்குகிற ஆணிகூடப் பிரதீப்புக்கு. இவளுக்கென்று ஒரு துண்டுக் காகிதம் வைக்கிற இடம் கிடையாது. மட்டை எரிகிற அடுப்பில் கவரோடு சேர்த்துப் போட்டுவிட்டாள்.

ஒரு வாரம் இருக்கும். மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டி நாள் குறித்திருந்தார்கள். வீடு முழுக்கக் கழுவி மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாமியார் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். யோகப்பிரியா பால் கறந்துவிட்டு எழுந்தபோது சீலையின் பின்பக்கம் ஒரு சின்னக் கறை. அவள் பார்க்கவில்லை, மாமியார் பார்த்துவிட்டாள்.

"அடி ஆத்தா! நோம்பி சாட்டிருக்கற ஊட்டுல! நில்லு, நில்லு, வாசப்படிய மிதிச்சராத. அந்தால அப்பிடியே மோட்டார் ரூமுக்குப் போ!"

அந்த வீட்டில் வழக்கம் அதுதான். தூரமானால் கிணற்றடியில் இருக்கிற மோட்டார் ரூம். தனித் தட்டு, தனிப் பாய். பால் கொடுக்க மட்டும், துணியில் தீட்டு ஒட்டும் என்று குழந்தையைத் துணியில்லாமல் கொண்டுவந்து மடியில் போடுவாள் மாமியார். திருப்பி வாங்கும்போது மஞ்சள் தண்ணீர் தெளித்து வாங்கிக்கொள்வாள். பி.காம். படித்தவளுக்கு இதெல்லாம் பிடிக்குமா? வந்த புதிதில் எதிர்த்துப் பேசிப் பார்த்தாள். மாமியார் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஆனால் அந்தத் தடவை கோபம் வரவில்லை. மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அப்பாடா, வந்துவிட்டது, பிழைத்தோம் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வழக்கமாக இரண்டாம் நாள் அவளுக்கு இடுப்பு ஒடியும். இப்போது ஒடியவில்லை. ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். வைத்த துணியை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. இதென்ன இப்படி என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ஒரு வீடே சேர்ந்து தூரம் என்று தீர்ப்புச் சொல்லி வெளியே உட்கார வைத்திருக்கும்போது, உள்ளே இருப்பவள் அதைச் சந்தேகப்படுவாளா?

நான்காம் நாள் தலைக்குத் தண்ணி வாத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த வீட்டுக்கு அது ஒரு கணக்கு. மருமகள் தலைக்குத் தண்ணி வாத்தாயிற்று என்றால் அந்த மாசத்துக் கதை முடிந்தது. மாமனார் உட்பட எல்லோருக்கும் அது தெரியும். அவள் உடம்பில் எது எப்போது நடக்கிறது என்பது, தோப்புக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதைப் போல எல்லோரும் பேசிக்கொள்கிற சங்கதி.

நோம்பிக்குப் பிரதீப் வந்தான். அவள் தள்ளிப் படுத்தபோது அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இப்பத்தான தண்ணி வாத்தே? வாரங்கூட ஆவுல. இந்த நாள்ல எதுவும் தங்காது, எங்கூட்டாளிக எல்லாரும் சொல்லுவாங்க."

அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. மாத்திரையும் போட்டாயிற்று, மாசமும் வந்தாயிற்று, குளித்தும் ஆயிற்று. இன்னும் எதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பை நினைத்து நினைத்துத்தான் பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த மாசம் வரவில்லை. பால் கொடுக்கிறோமே, தள்ளித்தான் போகும் என்று இருந்தாள். ஒரு நாள் காலையில் மாட்டுக்குப் பிண்ணாக்குக் கரைக்கும்போது அந்த வாசம் குடலைப் புரட்டியது. தமிழ்ப்ரியா வயிற்றில் இருந்தபோதும் முதலில் ஆகாமல் போனது பிண்ணாக்குத்தான். மறுபடியும் கொழிஞ்சாம்பாறை, மறுபடியும் கறுப்புக் கவர். இரண்டு கோடு விழுந்தது.

பிரதீப் அடுத்த லோடுக்குக் கிளம்பாமல் வீட்டில் இருந்தான். சமையலறையில் மாமியார் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முன்னாலும் நின்று சொன்னாள்.

"அதெப்பிடி அம்மிணி? நோம்பிக்குத்தான தண்ணி வாத்தே?" என்றாள் மாமியார். துடுப்பை அப்படியே விட்டுவிட்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடிப்பதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மாரியாத்தா குடுத்ததுடா பிரதீப்பு! நோம்பி முடிச்ச கையோட குடுத்துட்டா பாரு. பையன்தான்!"

பிரதீப்பும் சிரித்தான். "ஏம்மா, உங்கண்ணனுக்குப் போனப் போட்டுச் சொல்லு" என்றான் அம்மாவிடம்.

யோகப்பிரியா அடிப்பிடிக்கிற களியை இறக்கி வைத்தாள். "ஏனுங்க, டாக்டரம்மா சொன்னது உங்க ரெண்டு பேருக்கும் சுத்தமா மறந்தே போச்சுங்களா?" என்றாள்.

"அவங்க அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க. பாத்துக்கலாம் வுடு" என்றான் பிரதீப்.

"சாவப்போறது நானுங்க. சந்தோசம் மட்டும் உங்களுக்குங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்த பேசற!" என்று மாமியார் அதட்டினாள். மாமியாருக்கு அந்த வார்த்தைதான் அபசகுனம். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏறினது அபசகுனமில்லை. யோகப்பிரியா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மகளுக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. பாலைக் குடித்துக்கொண்டே கடித்தது. நான் போய்விட்டால் இதை யார் வளர்ப்பார்கள் என்று நினைத்தபோது, அவளுக்கு வந்தது அழுகை இல்லை, வெறி.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்ததும் குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று ஒளிக்காமல் சொன்னாள். ஸ்கேன் எடுக்கத்தான் போகிறாள் என்று மாமியார் நினைத்துக்கொண்டாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது வேறொரு டாக்டரம்மா, டாக்டர் ஜெஸ்னா. ஸ்கேன் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் மாத்திரை போட்டதையும், கறை பட்டதையும், குளித்ததையும், பிறகு நடந்ததையும் சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரை செய்வது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிற வேலை. போட்ட பிறகு இப்படிக் கொஞ்சம் கறை படுவது உண்டு, அது மாசவிலக்கு ஆகாது. மாசமே முன்னப்பின்ன ஆகலாம். மூன்று வாரமாகியும் ஒழுங்காக வராவிட்டால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். முக்கியமாக, முன்னால் நடந்ததற்குத்தான் அந்த மாத்திரை. பின்னால் நடப்பதற்கு அது காவல் நிற்காது.

"நீங்க குளிச்சுட்டு சேஃப்னு நெனச்ச நாள் இருக்கில்லே, தள்ளிப்போன முட்டை வெளியே வந்தது அந்த நாள்லதான் இருக்கும்" என்றார்.

யோகப்பிரியா விரலை மடக்கி நாட்களை எண்ணிப் பார்த்தாள். ஒரு துளி கறையைப் பார்த்து மாமியார் போட்ட கூச்சல், மோட்டார் ரூம், மஞ்சள் தண்ணீர், தலைக்குக் குளியல், அவன் கொண்டுவந்த கணக்கு, தானும் அதை நம்பிய முட்டாள்தனம். எல்லாம் வரிசையாகத் தொண்டைக்கு ஏறி வந்து நின்றது. "ஒருத்தராச்சும் இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்று கத்திவிட்டாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெச்சுக்கறதா இருந்தா ரிஸ்க் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில மாசாமாசம் பாக்கணும். வேண்டான்னா இப்பவே மாத்திரையில முடிக்கலாம், இன்னும் நாளாகல. ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"அவரு கையெழுத்துப் போடோணுங்களா?"

"வேண்டா. உங்களது மட்டும் மதி."

அவள் மேஜையில் இருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கலையப் போகிற அதன் மேல் அவளுக்குக் கோபமில்லை, பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தைத் தன் தலையில் ஏற்றிவிட்டவர்கள் வீட்டில் களி தின்றுகொண்டிருக்கிறார்களே என்பதுதான் தாங்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கையெழுத்துப் போட்டாள். முதல் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டாள். அடுத்ததை எப்போது போட வேண்டும், எவ்வளவு ரத்தம் போனால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையெல்லாம் இந்தத் தடவை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். எல்லாம் முடிந்து மறுபடியும் வரும்போது காப்பர்-டி வைத்துவிடச் சொன்னாள்.

வெளியே வந்தபோது பெஞ்சில் பிரதீப் உட்கார்ந்திருந்தான். "கூடப் போடா" என்று அவன் அம்மா விரட்டி, பஸ் பிடித்து வந்திருந்தான். அவள் நின்றபடியே சொன்னாள். அவன் முகம் விழுந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றான்.

"வேண்டாமுங்கன்னு நாஞ் சொன்னேனே. அன்னைக்கு நீங்க கேட்டீங்களா?"

ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். பிறகு பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி தொண்டையைச் செருமினான்.

"சரி வுடு. ஆனது ஆயிப்போச்சு. இனிமே அந்த மாத்திரைய நீ ஒளிஞ்சு போயி வாங்க வேண்டாம். நானே வாங்கியாந்து தாரேன்."

தீபாவளிக்குச் சீலை எடுத்துத் தருகிறேன் என்பது போலச் சொன்னான். யோகப்பிரியா பிரேக்கை அழுத்திய அழுத்தில் அவன் அவள் முதுகில் வந்து மோதினான். வண்டி நின்ற இடம் ஒரு பஸ் ஸ்டாப். எதிரே காய்கறிக்கடை, பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. ஸ்டாப்பில் பெண்களும் ஆண்களுமாகப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"எறங்குங்க" என்றாள். இறங்கினான். "எனக்கு நீங்க ஒரு மாத்திரையும் வாங்க வேண்டாம். என்ற ஒடம்ப நாம் பாத்துக்கறேன். உங்களுக்கு வேண்டியத நீங்க வாங்குங்க. அதா இருக்குதில்ல மருந்துக்கடை, போயி ஆணுறை வாங்கிட்டு வாங்க."

பிரதீப் பதறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தான். "மெதுவாப் பேசு புள்ள! அங்க நிக்கறது நம்ம பிச்சைமணி மாமன். கடையில வேற பொம்பளப் புள்ள நிக்குது. எனக்கு வெக்கமா இருக்குது. பொறகு வாங்கிக்கலாம், வண்டிய எடு."

வெட்கமாக இருக்கிறதாம்.

"வெக்கமா இருக்குதுங்களா?" என்றாள். குரலைத் தணிக்கவில்லை. பால் சொசைட்டியில் பேசுகிற அதே குரல். பிச்சைமணி மாமன் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைப் பெண்ணும் பார்த்தாள். "ரத்தங்கொட்டிச் சாவக் கெடந்தது நானு. மோட்டார் ரூமுல கெடந்தது நானு. இன்னைக்கு வயித்தக் கலைச்சுட்டு வண்டியோட்டறதும் நானு. உங்களுக்கு ஒரு ஒறை வாங்க வெக்கமா இருக்குதுங்களா? வாங்கிட்டுப் பஸ்ஸேறி வந்து சேருங்க. அது கையில இல்லாம என்ற பக்கத்துல படுக்க வரப்படாது."

பிரதீப் ரோட்டோரத்தில் நின்றான், கடைப் பக்கமும் நகரவில்லை, மாமன் பக்கமும் நகரவில்லை. அவளுக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. வீட்டில் குழந்தைக்குப் பசித்திருக்கும். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.